கழுவிய பாட்டில்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. முட்டி வலி நீங்கலாக நான் சுகம். நீ சுகமா என்று இந்த முறை மரியாதைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன், ஆனால் அதற்கு முன் ஒன்றைத் திருத்திவிட வேண்டும். அம்மாவுக்கு நினைவு தப்புகிறது, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஏரித் தண்ணீர் பாட்டில்களைக் கழுவிவிட்டார் என்று உன் அண்ணி உன்னிடமும் அவள் அக்காவிடமும் சொல்லியிருக்கிறாள். அது தவறு. தண்ணீர் பிடிப்பதற்கு முன் முழு நினைவோடுதான் கழுவினேன். மாதம் நான்கு வீதம் ஆறு மாதத்துக்கு இருபத்துநான்கு பாட்டில்கள், ஒவ்வொன்றையும் சோப்புப் போட்டு, பிரஷ் விட்டு, மூன்று தண்ணீர் அலசி, சலவைத் துணியில் கவிழ்த்து வைத்தேன். செய்தது பிழை என்று சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

நேற்று மாலை உன் அண்ணன் ஆபீஸிலிருந்து நேராக இங்கே வந்து, சேறு படிந்த ஷூவோடு கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, நீ அவனுக்கு அனுப்பிய செய்தியைப் படித்தான். முதலில் காலைத் துடை என்றேன். “அவ ஆராய்ச்சி பொழச்சிடுச்சுன்னு சொல்றேன், நீ தரையப் பாக்கிறியேம்மா” என்றான். துடைத்துவிட்டு வந்து மறுபடி படிக்கச் சொன்னேன். மூன்றாம் முறை கண்ணாடி போட்டுக்கொண்டு நானே படித்தேன். அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபது நாளாக அரைத் தட்டோடு எழுந்துகொண்டிருந்தவள், நேற்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். உன் அண்ணன் குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தான், அந்த மட்டும் அவனுக்குப் புத்தி இருக்கிறது.

நடந்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீயே பார். தண்ணீரில் இறங்கும் எந்த உயிரும் செதிலோ எச்சிலோ கழிவோ ஏதாவது விட்டுவிட்டுத்தான் போகும், அதிலிருக்கும் டி.என்.ஏ.வை இயந்திரம் படித்துச் சொன்னால் ஏரியில் யார் யார் குடியிருக்கிறார்கள், கரையோர மில்லின் சூட்டுத் தண்ணீர் விழும் மூலையில் எது தாக்குப்பிடிக்கிறது என்று ஒரு மீனைக்கூடப் பிடிக்காமல் தெரிந்துகொள்ளலாம் என்றாய். நான் வேலை பார்த்த கான்வென்ட்டின் வருகைப் பதிவேடு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன், ஆளைப் பார்க்க வேண்டாம், கையெழுத்து இருந்தால் போதும். மூன்று பாட்டிலில் மூன்று கரைத் தண்ணீர். நான்காவதில் நீ அனுப்பிய சுத்தத் தண்ணீரையே ஏரிக்கரையில் திறந்து ஊற்றி மூட வேண்டும். உன் தண்ணீரை உனக்கே திருப்பி அனுப்புவது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, ஆனாலும் தாளில் இருந்தது, செய்தேன்.

அந்தத் தாளில் பதினான்கு வரிகள். கையுறை, மூடி, ஐஸ் பெட்டி, நேரம், எல்லாம் இருக்கிறது. பாட்டிலைக் கழுவாதே என்று ஒரு வரி இல்லை. உங்களுக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். வெளியிலிருந்து வந்த பாத்திரத்தைக் கழுவாமல் தொடக் கூடாது என்பது எனக்குச் சொல்லத் தேவையில்லாத விஷயம். சனிக்கிழமை மத்தி மீன் கழுவிய தொட்டியிலேயே, அதே பிரஷ்ஷால், ஞாயிற்றுக்கிழமை உன் பாட்டில்களையும் கழுவினேன். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கைத்தான் நான் அறுபது வருஷமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், தெரியாத அழுக்கை நானே பூசிவிடுவேன் என்று எப்படித் தெரியும்?

கடலே இல்லாத ஊரின் ஏரியில் மத்தி என்ற கடல் மீன் இருப்பதாக இயந்திரம் சொன்னால் உன் பேராசிரியை என்ன நினைப்பார்? நீ லேபில் வேறு யாருடைய தண்ணீரையோ கலந்துவிட்டாய், அல்லது ஏரித் தண்ணீரைச் சோதிக்கவே இல்லை என்றுதான் நினைப்பார். ஆறு மாத வேலையையும் தூக்கிப் போடு, அடுத்த வருஷம் உனக்கு அங்கே இடம் இருக்குமா என்று சொல்ல முடியாது என்றாராம். நீ போனில் “பாட்டில என்னம்மா பண்ணே?” என்று கேட்டாய். “ஒண்ணும் பண்ணலையே, நல்லா கழுவித்தான் வெச்சேன்” என்று பெருமையாகச் சொன்னேன். அதற்கு நீ சொன்னதை மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. “உன்னைப் போய் நம்பிக் கொடுத்தேன் பாரு” என்றாய், போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து சேதி எல்லாம் உன் அண்ணனுக்குத்தான்.

மறுநாளே உன்னைக் கேட்காமல் உன் பேராசிரியைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டு அல்ல, சாட்சி சொல்லி. என்ன சோப்பு, எந்தத் தொட்டி, எந்தக் கிழமை, அந்த வாரம் என்ன மீன் என்று ஆறு மாதத்துக்கும் வரிசையாக எழுதி, மார்ச்சில் மட்டும் கடைவாய்ப் பல் இரண்டு பிடுங்கியதால் மாதம் முழுவதும் கஞ்சிதான், வீட்டுக்குள் மீன் வரவில்லை, பிரஷ்ஷும் புதிது என்று குறிப்பிட்டு, முழுப் பெயரும் முகவரியும் போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் பழைய முடிவுகளை எடுத்துப் பார்த்தால், மற்ற ஐந்து மாதமும் அந்தச் சுத்தத் தண்ணீர் பாட்டிலிலும் மத்தி இருக்கிறதாம், மார்ச்சில் ஒரு பாட்டிலிலும் இல்லையாம். மீன் ஏரியிலிருந்து வரவில்லை, என் தொட்டியிலிருந்து வந்தது என்று முடிந்துவிட்டது. மத்தியைத் தள்ளிவிட்டு மற்றதை ஏற்கலாம், இன்னும் இரண்டு மாதம் தண்ணீர் எடுத்து ஒத்துப்பார்த்தால் போதும் என்று அவர் சொன்னதைப் படித்தபோது, எதற்கென்று தெரியாமல் நிரப்பிய அந்த நான்காவது பாட்டிலை நினைத்துக்கொண்டேன். இப்படிக் குறிப்பு எழுதுகிற அம்மாள் எங்கள் லேபுக்கு வருவாரா என்று வேறு கேட்டாராம். வரமாட்டேன், அங்கே குளிர். ஆனால் மார்ச் மாதத்துப் பல்லை நினைவு வைத்திருப்பவளுக்கு நினைவு தப்புகிறதா என்று உன் அண்ணியிடம் நீயே கேள், நான் கேட்டால் சண்டையாகும்.

இன்று காலை ஏரிக்குப் போய் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டரிடம் சொன்னேன். ஒவ்வொரு மாதமும் நான் வழுக்கி விழாமல் கையைப் பிடித்துக்கொள்பவர் அவர்தான். நீ அண்ணனுக்கு அனுப்பிய பட்டியலில் நீர்நாய் இருக்கிறது, ஏரிப் பாட்டில்களில் மட்டும் இருக்கிறது, சுத்தத் தண்ணீரில் ஒரு மாதமும் இல்லை என்றேன். மனிதர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். “நீர்நாயப் பாத்தேன்னு நாலு வருஷமா சொல்றேன்மா. தண்ணி மேல பாத்தியா, தண்ணி போட்டுட்டுப் பாத்தியான்னு சூப்பர்வைசர் கிண்டல் பண்ணான். அந்தாளு பேரையும் உங்க பொண்ணோட மெஷின்ல போட்டுப் பாக்கச் சொல்லுங்க, என்ன பிராணின்னு தெரியட்டும்” என்றார். நான் சிரித்தது பம்பு சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நின்றுகொண்டே சாப்பிடாதே. பேராசிரியைக்கு வாயால் நன்றி சொன்னால் போதாது, எழுதிக் கொடு. கண்ணுக்குத் தெரியாததையும் படிக்கிற படிப்பைப் படித்திருக்கிறாய், நீ எடுத்த காரியம் எல்லாம் நிறைவேறி நீண்ட நாள் நன்றாக இரு. உன் அப்பா இருந்திருந்தால் நான்காவது பாட்டிலின் கதையைத் தெருவெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கியிருப்பார்.

இன்னும் இரண்டு மாதத் தண்ணீர் யார் எடுப்பது என்று உன் செய்தியில் இல்லை. உன் அண்ணன் நான் எடுக்கிறேன் என்கிறான், அவனுக்கு ஷூவையே துடைக்கத் தெரியாது. என்னை நம்பி மறுபடி பாட்டில் அனுப்புவாயா, மாட்டாயா? அனுப்புவதானால் தாளில் பதினைந்தாவது வரியை உன் கையாலேயே சேர்த்து அனுப்பு. எதுவானாலும் போனில் வேண்டாம், அண்ணன் வழியாகவும் வேண்டாம். எனக்கே கடிதமாகப் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா