‘கொட்டியாரக் காத்தே’ எங்கெங்கே கேட்டது

ஜூன் 3, செவ்வாய்

கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. நிலாவெளியில் பஸ் ஏறி நகரத்தில் இறங்குவதற்குள் வாயெல்லாம் மணல். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை என்று பெயர், அரைநாள் தூசி துடைத்ததுதான்.

கொழும்பிலிருந்து கடிதம். பாட்டு எழுதுகிறவர்களுக்காகப் பணம் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் சங்கம் என்னை அங்கத்தவராக ஏற்றுக்கொண்டதாம். இலக்கமும் தந்திருக்கிறார்கள். நாற்பத்தொன்பது வயதில் எனக்கொரு இலக்கம். மகள் தர்ஷி கேக் வாங்குவோம் என்றாள். இரண்டாம் பக்கத்தை வாசித்துவிட்டு வேண்டாம் என்றேன்.

இரண்டாம் பக்கம்: என் பாட்டு ‘கொட்டியாரக் காத்தே’ எந்த வானொலிப் பட்டியலிலும் இல்லை. பட்டியல் தருவது கொழும்பிலுள்ள பெரிய வானொலிகள் மட்டும். பட்டியலில் இல்லையென்றால் அந்தப் பாட்டு ஒலிக்கவில்லை என்று அர்த்தமாம். அப்படியானால் பதினாறு வருடமாக இந்த ஊரில் என் காதில் விழுவது என்ன? வேறெங்காவது ஒலித்தால் இடம், முகவரி, நேரம் எழுதி அனுப்பலாம் என்று கடைசியில் ஒரு வரி.

காசுக்காக இல்லை. (வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.) பாட்டுக்குப் பக்கத்தில் என் பெயர் ஒரு தரமாவது அச்சில் வரவேண்டும். அவ்வளவுதான் ஆசை. பாடிய பெடியன் இப்போது கனடாவில். யூரியூப்பில் அவன் பெயர், அவன் படம். சொல்லும் மெட்டும் என்னுடையவை என்று எங்கேயும் ஒரு எழுத்துக் கிடையாது.

எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

ஜூன் 4, புதன்

காலை 7.10 – நிலாவெளி பஸ். முழுப் பாட்டு.

10.30 – பஸ் நிலையத்தடி, நசீர் நானாவின் தேத்தண்ணிக் கடை. இரண்டு தரம்.

1.15 – உட்துறைமுக வீதியால் போன ஓட்டோ. “கொட்டியாரக் காத்தே, கொஞ்சம் பொறுத்து வீசு” வரை கேட்டது. மிச்சம் ஓட்டோவோடு போய்விட்டது. எப்படி எழுதுவது, கால்வாசி என்றா?

5.00 – கடற்கரை, ஐஸ்கிறீம் வண்டி. மெட்டு மட்டும், சொல் இல்லை. வண்டிக்கு முகவரி என்ன?

5.40 – கரையில் வள்ளம் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் வாயால் பாடினார். அதுவும் இரண்டாம் அடியை விட்டுவிட்டு. சேர்ப்பதா? தர்ஷி கூடாது என்கிறாள். இன்று கேட்டதிலே எனக்குப் பிடித்தது அவர் பாடியதுதான்.

ஜூன் 8, ஞாயிறு

தாங்க முடியாத வெக்கை. சல்லி ஊரில் ஒரு கலியாணம். பொம்பிளையும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் வரும்போது என் பாட்டு. கொப்பி கைப்பைக்குள். பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா என்னிடம் சொன்னார், “கனடாவில இருக்கிற பெடியன் எழுதினது. என்னமாதிரி எழுதியிருக்கிறான் பாருங்கோ.”

ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன்? வீட்டுக்கு வந்தும் விளங்கவில்லை. கொட்டியாரக் குடாவைக் கடக்கும் மூதூர்ப் படகுக்காக இறங்குதுறையில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தபோது, மருந்து உறையின் பின்பக்கத்தில் எழுதினேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அந்த உறையும் இப்போது இல்லை. பாயாசம் நல்லம்.

பின்னேரம் தர்ஷி பட்டியலைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினாள். மொத்தம் பதினேழு இடம். நிலாவெளி ஹோட்டல் இரண்டு, கலியாண மண்டபம், நசீர் நானா கடை, இப்படி. நானா கடையின் இலக்கம் தெரியாது, அதற்காகவே ஒருதரம் போய்ப் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தேன். ஒரு வேலை செய்தால் ஒழுங்காகச் செய்யவேண்டும்.

ஜூலை 2, புதன்

காற்றுக்கு எங்கள் கடைப் பலகை ஒருபக்கம் சரிந்துவிட்டது. முதலாளி வரும்வரை கயிறு போட்டுக் கட்டினேன்.

10.30க்குத் தேத்தண்ணி. நானாவின் கடையில் சத்தமே இல்லை. பாட்டுப் பெட்டியைத் துணியால் மூடியிருந்தார். ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். இங்கிலிசில் இருந்தது. ‘மியூசிக்’ என்ற ஒரு சொல் மட்டும் அவருக்கு விளங்கியதாம்.

“இது என்னண்டு வாசிச்சுச் சொல்லுங்க தங்கச்சி. கண்ணாடிக் கடையில இருக்கிறவங்களுக்கு எல்லா எழுத்தும் தெரியுந்தானே” என்று பகிடி விட்டார்.

சங்கத்தின் கடிதம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் கடையில் பாட்டுப் போடுகிறீர்கள், பதினான்கு நாளுக்குள் எடுக்காவிட்டால் சட்ட நடவடிக்கை. ஆதாரம்: ஜூன் 4, காலை 10.30, இரண்டு தரம். பாட்டு: கொட்டியாரக் காத்தே. சொல்லும் மெட்டும்: சாந்தினி யோகராசா.

அச்சில், தடித்த எழுத்தில், என் பெயர்.

முதலில் வந்தது சந்தோசம். இங்கே மறைத்து என்ன பயன்? அரை நிமிடம் இருக்கும். பிறகு நானாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவருக்கு என் பெயர் தெரியாது. எட்டு வருடமாக நான் கண்ணாடிக் கடைத் தங்கச்சி. பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தமிழில் சொன்னேன். இங்கே வந்து ஒருவரும் எழுதிக்கொண்டு போனதைத் தான் காணவில்லையே என்று யோசித்தார். தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை. வாசித்துச் சொன்னதற்காம்.

ஜூலை 3, வியாழன்

சங்கத்துக்கு அழைத்தேன். நாலாவது தரம் தமிழ் தெரிந்த மிஸ் ஒருவர் கிடைத்தார். கோபமாகத்தான் தொடங்கினேன். அவர் என்னைப் பாராட்டினார். இவ்வளவு ஒழுங்காக ஒருவரும் பட்டியல் அனுப்பினதில்லையாம். கிழக்கில் எங்கே பாட்டுப் போடுகிறார்கள் என்று பார்க்கத் தங்களிடம் ஆளில்லை, அலுவலகத்தில் நாலே பேர்தான் என்றார். நல்ல மனுசி. அதனால் திட்டவும் முடியவில்லை.

நானா கட்டும் பணம் எனக்கு வருமா என்று கேட்டேன். வராதாம். கடைகளில் சேருவது பொதுவில் போகும், அதை வானொலிப் பட்டியலைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். எந்தக் கடையில் எந்தப் பாட்டு என்று தனித்தனியே பார்க்க ஏலாதாம்.

“நான் பாத்து எழுதித்தானே மிஸ் அனுப்பினனான்?”

“ஓம், அது அனுமதிப்பத்திரப் பகுதிக்குப் போனது. பங்கு பிரிக்கிறது வேற பகுதி.”

மூன்று தரம் யோசித்துப் பார்த்தேன். என் பாட்டைப் போட்டதற்காக நானா கட்டுவார். அது கொழும்பு வானொலியில் ஒலிக்கிற யாரோ ஒருவருக்குப் போகும். நடுவில் நான் யார்? காட்டிக்கொடுத்தவளா? தர்ஷி அம்புக்குறி போட்டுப் படம் கீறி விளக்கப் பார்த்தாள், பாதியில் அவளுக்கும் குழம்பிவிட்டது.

கடிதத்தைத் திரும்பப் பெறவும் ஏலாதாம், சட்டம் எல்லாருக்கும் ஒன்று. அது பிழை என்றும் சொல்ல வரவில்லை. அந்தக் கடையில் ஒலிக்கிற மற்றப் பாட்டுகளை எழுதினவர்களுக்கும் வயிறு இருக்கிறதுதானே. ஆனால் நிலாவெளி ஹோட்டல் இரண்டிலும் இப்போது சொல் இல்லாத இசை மட்டுமாம், அங்கே வேலை செய்யும் சிநேகிதி தர்ஷிக்குச் சொல்லியிருக்கிறாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

ஜூலை 4, வெள்ளி

வாங்க வேண்டியது: தேங்காய், சவர்க்காரம், தர்ஷிக்குத் தலைவலிக் குளிசை. வாங்கியது: ஒன்றும் இல்லை.

ஜும்மாத் தொழுகை முடிந்து நானா கடை திறக்கும்வரை வெளியே நின்றேன். சொல்லிவிட்டேன். பாட்டும் என்னுடையது, பட்டியலும் என்னுடையது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லம். நான் வழக்கமாக இருக்கும் கதிரையைக் காட்டினார்.

“நீங்களா எழுதினீங்க? இவ்வளவு நாளும் இந்தக் கதிரையில இருந்து கேட்டுட்டு, ஒரு வார்த்த சொல்லல்லையே தங்கச்சி.”

வெட்கம் என்றேன். வேறென்ன சொல்ல?

அனுமதிப்பத்திரம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் எடுப்பார், அது பெரிய காரியமில்லையாம். மற்றப் பாட்டெல்லாம் போடுவார். “உங்கட பாட்டு மட்டும் வேணாம். அதக் கேட்டா இனி எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும்.” குரலில் கோபம் இல்லை. கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பெட்டியில் போடும் பாட்டெல்லாம் அதற்குள்தான், அழிக்கும் விதம் அவருக்குத் தெரியாது.

தேடி எடுத்தேன். அழிக்கவா என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். கடையில் அழவில்லை. பஸ்ஸில் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

ஜூலை 7, திங்கள்

காற்றுக் குறைவு. பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது.

உப்புவெளி தாண்ட என் பாட்டுத் தொடங்கியது. கொப்பியைத் தொடவில்லை. கொண்டக்டர் நசீர் நானா கடையில்தான் தேத்தண்ணி குடிப்பவர், கதை அங்கேயிருந்து வந்திருக்கும். முதலாம் அடி முடியமுதல் எட்டி வேறு பாட்டுக்கு மாற்றினார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

பின்னாலிருந்து ஒரு பெண், “ஏன் தம்பி மாத்தினனீங்கள்? நல்ல பாட்டெல்லோ.”

“அதை எழுதினவ இந்த பஸ்ஸிலதான் வாறவ அக்கா. எங்களுக்கு ஏன் வீண் சோலி?”

யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.