பொறுப்புக் கையெழுத்து

இன்று காலை பாசஞ்சர் வண்டி விழுப்புரத்தை விட்டுக் கிளம்பும் முன்பே பெட்டிக்குள் அவித்த வேர்க்கடலை வாசம் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், நம்ம மல்லாட்டைக்காரம்மா. ஒரு வருஷமாக ஆளையே காணோம். மகளின் பிரசவத்துக்கு என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டாராம். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கி, நான் கேட்காமலே இரண்டு பொட்டலம் கட்டினார்.

"இன்னொரு டீச்சரம்மா எங்க? லீவுங்களா?"

"அவங்க வேற ஸ்கூலுக்கு மாத்திக்கினு போயிட்டாங்கம்மா."

"சம்பளம் ஜாஸ்தியா?"

"டபுள் சம்பளம்."

"எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, இறங்கி அடுத்த பெட்டிக்குப் போனார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நவம்பரில் நீ செத்துப்போனதை மட்டும் சொல்லவில்லை. விக்கிரவாண்டி வரைக்கும் இரண்டு பொட்டலத்தையும் மடியில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் இதை எழுதுகிறேன். உன் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சேலத்தைத் தாண்டி நீ போய்ச் சேர்ந்தாயே, அதே விடுதிப் பள்ளி. உன் இடம் இன்னும் நிரம்பவில்லையாம். பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு. உனக்குக் கொடுத்த அதே சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, தங்குவதற்கு அறை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். அந்தப் பிரின்சிபால் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க ஃப்ரெண்டே உங்களப் பத்திச் சொல்லியிருக்காங்க மேடம். கணக்குல உங்கள அடிச்சிக்க ஆளில்லன்னு" என்றார். நீ அப்படிச் சொல்லியிருப்பாய் என்று நான் நினைத்ததே இல்லை. அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

திண்டிவனத்து வேலையில் எனக்கு என்ன குறை? ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. வண்டி தாமதமானால் ஹெச்.எம். கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பார், அதோடு சரி. நாலு மணிக்கு மணி அடித்தால் இருட்டுவதற்குள் வீடு. சம்பளத்தைத் தவிர மற்றதெல்லாம் சுகம். ஆனால் என் பெண் இந்த வருஷம் பிளஸ் டூ எழுதிவிட்டாள். நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். அவள் அப்பாவுக்கு முதுகு வலி. ஷேர் ஆட்டோவை அரை நாளுக்கு மேல் ஓட்ட முடியவில்லை. "உன் இஷ்டம். போனாலும் சரி, இருந்தாலும் சரி" என்கிறார். யாராவது ஒரு ஆள் 'போகாதே' என்று சண்டை போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

போன ஏப்ரலில் இதே கேள்வியை நீ வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அல்லாடினாய். தினமும் வண்டியில் அதே பேச்சு. கண்டமங்கலத்து வீட்டில் ஷீட்டுக் கூரை. மழை பெய்தால் உன் அம்மா குண்டானை வைத்துக்கொண்டு ஒழுகுகிற இடத்தைத் தேடி நகர்கிற கதையை நீ நடித்துக் காட்டுவாய். பெட்டியே சிரிக்கும். மயிலம் வருவதற்குள் உன் முகம் மாறிவிடும்.

"இங்க நாலு மணிக்கு பெல் அடிச்சா வீடு. அங்க ராத்திரி ஸ்டடி வரைக்கும் பெல் அடிச்சிக்கினே இருக்கும்டி. அம்மா வேற தனியா இருக்கும்."

"மாசத்துக்கு ஒருதரம் வந்து பாரு. ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சிக்கினு இருந்தா தளம் போட்டுடலாம்."

"நீ இன்னாடி இவ்ளோ ஜல்தியா என்னைத் துரத்தறே?"

"போடி. இங்க இன்னா இருக்கு?"

இந்த வார்த்தையை நான் எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கே இல்லை. நீயாக முடிவெடுத்தாய் என்று ஊரெல்லாம் நினைக்கிறது. உன் அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறார்.

அப்புறம் ஒரிஜினல் பிரச்சினை. நம் பள்ளியில் சேருகிற அன்றே டிகிரி, பி.எட். எல்லாவற்றின் ஒரிஜினலையும் வாங்கி கரஸ்பாண்டன்ட் அறை பீரோவில் பூட்டிவிடுவார்கள். வேறு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னால் பீரோ திறக்காது. அரசுத் தேர்வுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு என்று எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்துக்குத் தருவார்கள். அதுவும் இன்னொரு டீச்சர் பொறுப்புக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரிஜினல் திரும்பி வராவிட்டால் அந்த டீச்சர்தான் கரஸ்பாண்டன்ட் முன்னால் நிற்க வேண்டும். உனக்குப் பொய் சொல்ல வராது. "சரிபார்ப்புன்னு எழுது, நான் போட்றேன் கையெழுத்து" என்று சொன்னது நான்தான். நீ ஃபாரத்தை நீட்டினாய். நான் பேனாவைக்கூட உன்னிடமே வாங்கிப் போட்டேன்.

நீ போனாய். நான் கரஸ்பாண்டன்ட் முன்னால் நின்று அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஸ்டாஃப் ரூமில் என்னை எல்லோரும் தெய்வம் மாதிரி பார்த்தார்கள். இப்படி ஒரு சிநேகிதி யாருக்குக் கிடைப்பாள் என்று சயின்ஸ் மிஸ் கண் கலங்கினார். நானும் கொஞ்சம் கலங்கிக் காட்டினேன். அடுத்த வாரமே உன் பன்னிரண்டாம் வகுப்பு எனக்கு வந்தது. எட்டு வருஷமாகப் பத்தாம் வகுப்போடு கிடந்தவள் நான். கணக்கு டீச்சராக நீயும் நானும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். முதல் வருஷமே உனக்கு பிளஸ் டூ கிடைத்தது, எனக்கு இல்லை. அந்த எட்டு வருஷமும் நான் உன்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மனசுக்குள் மட்டும் பேசிக்கொண்டே இருந்தேன்.

நவம்பரில் நீ போன் செய்தபோது உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மூணு நாளா காய்ச்சல்டி. ரிவிஷன் டெஸ்ட் ஓடிக்கினு இருக்கு. லீவு கேட்டா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிறாங்க. ஒரே பேஜாரு."

"மாத்திரை போட்டுக்கினு படு. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன். அப்போது என் மடியில் உன் வகுப்புப் பரீட்சைத் தாள்கள் இருந்தன. 'கிளம்பி வாடி' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வரவே இல்லை. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி. டெங்கு என்றார்கள். ஆறாம் நாள் உன்னை ஆம்புலன்ஸில் கண்டமங்கலத்துக்குக் கொண்டு வந்தார்கள். வாசலில் உன் ஐந்து மாதச் சம்பளத்தில் இறக்கிய செங்கல் அடுக்கி இருந்தது. உன்னைக் கிடத்த இடம் வேண்டுமென்று ஆட்கள் அதை ஓரமாக நகர்த்தினார்கள். கூரையில் இன்னும் அதே ஷீட்டுதான். போன மாதம் போய்ப் பார்த்தேன்; செங்கல்லை அம்மா விற்றுவிட்டார். "அது போனதுக்கப்புறம் எனக்கு எதுக்குமா தளம்?" என்று கேட்டார்.

இன்று மதியம் ஸ்டாஃப் ரூமில் அந்தச் சரிபார்ப்பு ஃபாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயரைக்கூட எழுதவில்லை. போனால் உன் அறையில், உன் கட்டிலில் படுக்க வேண்டும். இருந்தால் உன் வகுப்பில் தினமும் நிற்க வேண்டும். இரண்டில் எது வசதி என்று கேட்டால் எதைச் சொல்வது? மேலும், எனக்குக் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்? உன் விஷயத்துக்கு அப்புறம் அந்த ஃபாரத்தைப் பார்த்தாலே எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள்.

எதிர் மேஜையில் பத்தாம் வகுப்புக் கணக்கு மிஸ் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். உன்னை அவருக்குத் தெரியாது. நீ போன பிறகு, நான் மேலே போனதால் காலியான இடத்துக்கு வந்தவர். நாற்பது வயது, அதிர்ந்து பேச மாட்டார். ஃபாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நீலப் பேனாவை எடுத்தார்.

"நான் போட்றேன் மிஸ், குடுங்க."

"கரஸ்பாண்டன்ட் கத்துவாரு."

"கத்தட்டும். நான் பார்த்துக்கிறேன். நீங்க ஜம்முனு போங்க மிஸ். பாப்பா படிப்பு இருக்குது. இங்க இன்னா இருக்கு?"

சொல்லும்போது அவர் பார்வை ஒரு நொடி சுவரில் ஒட்டியிருந்த டைம்டேபிளுக்குப் போய்த் திரும்பியது. பன்னிரண்டாம் வகுப்புக் கட்டத்துக்கு. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. நல்ல மனுஷி. என் பெண்ணுக்காகவும் சொன்னார், தனக்காகவும் சொன்னார். எது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. ஆனால் எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஃபாரத்தை நீட்டினேன். போட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பிரின்சிபாலுக்கு 'வருகிறேன்' என்று சொல்லிவிடுவேன்.

கையெழுத்துப் போட்டது நான், மாத்திரை போட்டுக்கொள் என்றது நான். இதையெல்லாம் ஆறு மாதமாகச் சுமந்து பழகிவிட்டேன். உனக்கு எதுவும் தெரியாது, நீ என்னை நம்பித்தான் போனாய் என்று ஒரு சின்ன ஆறுதல் மட்டும் மிச்சம் இருந்தது. இன்று அதுவும் போய்விட்டது. அந்த மிஸ்ஸின் முகத்தில் நான் பார்த்ததை, அன்றைக்கு நான் கையெழுத்துப் போடும்போது என் முகத்தில் நீயும் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுத்தான் மறுநாள் காலை வண்டியில் எனக்கு ஜன்னல் சீட்டுப் பிடித்து வைத்திருந்தாய்.