சுண்ணாம்பு தடவாத கலயம்

சேசு மரி சூசை துணை

ஆவூர்
18-8-1957

அன்புள்ள மகள் ஞானமணிக்கு உன் அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் தம்பி பங்கிராஸும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மருமகனும் நீயும் பிள்ளையும் பம்பாயில் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். பிள்ளைக்குச் சளி விட்டதா, அங்கே விடாத மழையாமே, தலையில் துணி கட்டாமல் வெளியே எடுத்துப்போகாதே. இங்கே மழை என்ற பேச்சே இல்லை, கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. மாதா திருநாள் பூசையில் என் பக்கத்தில் ஒருத்திகூட வந்து உட்காரவில்லை, அதையும் தெரிந்துகொள். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறாய், அப்பா அன்றைக்குக் கொஞ்சமாவது குடித்திருந்தாரா, உண்மையைச் சொல்லுங்கள் என்று. எனக்கு வந்த கோபத்தில் அதை அடுப்பில் போட்டிருப்பேன். உன் மாமியார் வீட்டில் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள், நீ என்ன செய்வாய் என்று மனதை அடக்கிக்கொண்டேன். நடந்ததை எழுதுகிறேன், மருமகனுக்கும் வாசித்துக் காட்டு.

நீ கலியாணமாகிப் போன பிறகு அப்பாவுக்கு நீரிழிவு கண்டது உனக்குத் தெரியும். கொல்லையில் அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்து நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். தினம் ஊசி போட்டு வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும் என்றார்கள். நோயாளிக்கு ஒருசந்தி நோன்பு கடனில்லை என்று பங்குச் சாமியார் சொல்லியும் இந்த மனுஷர் கேட்கவில்லை. பாஸ்குக்கு முந்தின பெரிய வாரம் முழுக்கக் கஞ்சித் தண்ணீர்தான். சாப்பிடாதவனுக்கு ஊசி எதற்கு என்று அதையும் நிறுத்திவிட்டார். பெரிய சனிக்கிழமை காலையில் குன்றாண்டார்கோவிலுக்கு பஸ்ஸை எடுத்துப்போனவருக்குக் கண்மாய்க்கரை வளைவில் கண் இருட்டிக்கொண்டு வந்து, வண்டி ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. ஓரமாகக் கத்தரிக்காய்க் கூடையோடு போன சொர்ணவல்லி என்கிற பெண் அங்கேயே செத்துப்போனாள். அவளுக்கு இரண்டு சிறு பிள்ளைகள். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த உடம்போடு வண்டி எடுத்தது அப்பாவின் தப்பு, அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். குடித்துவிட்டுக் கொன்றான் என்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வாயில் வாடை அடித்தது உண்மை. கண்டக்டர் நல்லதம்பி கோர்ட்டில் அப்படித்தான் சொன்னார், அவர் பொய் பேசுகிற ஆளில்லை. சர்க்கரை மீறினால் அழுகின வாழைப்பழ வாடை ஒன்று வரும், வீட்டில் நானே பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த டாக்டர் முகர்ந்துவிட்டு, கண் சிவப்பு, நடை தள்ளாட்டம், மது அருந்தியவர் என்று எழுதி, சிறுநீரை ஒரு பாட்டிலில் பிடித்து அரக்கு வைத்துப் போலீசாரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அப்பா நினைவில்லாமல் விழுந்து, வேறொரு டாக்டர் வந்துதான் ஊசி போட்டு உயிரைப் பிடித்து நிறுத்தினார். மறுநாள் பாஸ்குத் திருநாள். சோதனைக்கு மதராஸுக்குக் கொண்டுபோக ஆள் கிடைக்காமல் அந்தப் பாட்டில் ஸ்டேஷன் ஜன்னலிலேயே சித்திரை வெயிலில் கிடந்தது. எறும்பு மொய்க்கிறது என்று ஏட்டு துணியால் தட்டித் தட்டி விட்டாராம். ஏன் மொய்க்கிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மதராஸிலிருந்து சாராயச் சத்து இருக்கிறது என்று பதில் வந்தது. அவர்கள் இல்லாததை எழுதவில்லை, அங்கே போய்ச் சேர்ந்தபோது இருந்திருக்கும்.

அப்பா ஜாமீனில் இருக்கும்போது நானும் ஒரு பாட்டிலில் அவருடையதைப் பிடித்து மூடி, வெயில் படும் ஜன்னலில் வைத்தேன். பங்கிராஸ் சிரித்தான். நாலைந்து நாள் கழித்துத் திறந்தால் நுரை தள்ளிக்கொண்டு கள்ளு நாற்றம். வக்கீலிடம் கொண்டுபோனேன், அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதெல்லாம் கோர்ட்ல செல்லாதும்மா, மதராஸ் காகிதந்தான் சாட்சி" என்றார். சோதித்தவரைக் கூப்பிட்டுக் கேட்கலாமே என்றேன். அவர் வரவேண்டியதில்லையாம், காகிதம் வந்தால் போதுமாம். நாம் காகிதத்திடம் என்ன கேள்வி கேட்பது. வியாதியைச் சொன்னதற்குச் சர்க்கார் வக்கீல், சர்க்கரை வியாதிக்காரன் குடிக்கமாட்டானா என்று திருப்பிக் கேட்டார். கடைசியில் சொல்ல ஏதாவது உண்டா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டபோது அப்பா கூண்டில் நின்று சொன்னார்: "சுண்ணாம்பு தடவாத கலயத்துல பதனிய எறக்கி, நாள்கணக்கா வெயில்ல வச்சுட்டு, கள்ளாயிருச்சேன்னு பனைமரம் குடிச்சிருக்குங்கறீங்க எசமான்." கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்ட்ரேட்டும் சிரித்துவிட்டுத்தான் ஒரு வருஷம் எழுதினார். மதராஸில் மிச்சம் இருந்ததை மறுபடி சோதிக்கச் சொல்லலாம் என்று பார்த்தால், கொட்டிக் கழுவியாயிற்றாம்.

நேற்று திருச்சி ஜெயிலில் அப்பாவைப் பார்த்தேன். கால் பெருவிரலில் புண் வந்து கறுத்துவிட்டது, எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். அப்பீல் எப்போது வரும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. இன்னொன்று, பிள்ளை பெற்றவளுக்கு எழுதாதே என்று அவர் சொன்னதால் இதுவரை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். உனக்கு முதல் பிள்ளை தங்காமல் போனதால், இதுவாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டுதான் அந்த ஒருசந்தி இருந்தார். நேற்று விரலைப் பற்றியோ அப்பீலைப் பற்றியோ அவர் பேசவில்லை. "ஞானம் என்ன எழுதிருக்கு?" என்றுதான் கேட்டார். கடிதம் என் மடியில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது, என்னை வாசிக்கச் சொன்னார். அப்பா, நீங்கள் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்களைப் பார்க்க வருவேன் என்று நீ எழுதியிருப்பதாக வாசித்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன்.

ஆண்டவர் உன்னையும் மருமகனையும் பிள்ளையையும் காப்பாராக. பிள்ளைக்கு வசம்பு உரசிக் கொடு, ராத்திரி செபமாலை சொல்ல மறக்காதே. அடுத்த மாதம் வரும்போது கண்ணாடியை எடுத்து வா, நானே வாசிக்கணும் என்று அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்குள் அந்த இரண்டு வரியையும் வார்த்தை மாறாமல் உன் கையால் எழுதி அனுப்பு.

இப்படிக்கு உன் அன்புள்ள தாயார்,
ச. வியாகுலமேரி