தட்டுக்கு அடியில் இருந்த காசு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் தங்கை, மாப்பிள்ளை, பிள்ளைகள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் படுக்கும்போதும் எழும்போதும் என் நினைப்பு. உடம்பு நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன், மனசு நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. உன் இரண்டாவது சாப்பாட்டுக் கடையைத் திறக்கிற அன்றைக்கு நான் பக்கத்தில் நிற்க வேண்டும், விமானத்துக்குப் பணம் எடுத்து வைத்துவிட்டேன், என்றைக்குக் கிளம்புகிறாய் என்று தேதி மட்டும் சொல்லு என்று கேட்டிருந்தாய். தேதி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபத்தில் பாதி மறந்துபோகும், அதனால்தான் கடிதம். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை படி.

பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் போகட்டும் என்று தீம் பார்க்குக்கு நீ அனுப்பிய அனுமதிச் சீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனோம். மாமன் அனுப்பிய சீட்டு என்று பெரியவள் வாயாடி பஸ்ஸில் முன்சீட்டுக்காரரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். சின்னவன் உருண்டை அதைக் கையிலேயே வைத்திருந்து ஈரமாக்கிவிட்டான். நான் விடியற்காலை எழுந்து ஐந்து பேருக்கும் சோறு கிளறி டப்பாவில் அடைத்து, தண்ணீர் ஐந்து பாட்டில் நிரப்பி எடுத்துப் போயிருந்தேன். வாசலில் சட்டை இஸ்திரி கலையாத ஒரு ஆள் பையைத் திறக்கச் சொன்னான். வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாதாம், பாதுகாப்பாம். ஏம்பா, சோறு வெடிக்குமா என்று கேட்டேன். பாட்டி, நானும் சம்பளத்துக்குத்தான் நிக்கிறேன், என்கிட்ட கோபப்பட்டு என்ன ஆகப்போகுது என்று சொல்லி ஒரு டோக்கன் கொடுத்து டப்பாவை வெயிலில் ஒரு அலமாரியில் வைத்துக்கொண்டான். சாயங்காலம் திரும்ப வாங்கினபோது ஊசிப்போயிருந்தது. சோற்றைக் கொட்டுகிற பாவத்தை என் கையால் செய்ய வைத்தார்கள். தண்ணீரையும் விடவில்லை. பாட்டிலை அவர்கள் கண் முன்னாலேயே கவிழ்த்துக் காட்ட வேண்டும், அதுவும் பாதுகாப்புதான் போல.

உள்ளே போய் நாலு விளையாட்டு ஏறி இறங்கியதும் பிள்ளைகள் பசி பசி என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். இருக்கிற ஒரே இடம் அவர்களுடைய உணவகம்தான், வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். வாசலில் டிவி மாதிரி ஒரு பலகையில் விலை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தன் பட்டறை ஆட்களோடு வந்தபோது ஒரு தட்டுக்குக் கொடுத்த காசு இப்போது ஒரு பாட்டில் தண்ணீருக்கு. முதலில் நுழைவுச் சீட்டை ஏற்றினார்கள், அப்புறம் வண்டி நிறுத்துகிற காசை ஏற்றினார்கள், ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் பிள்ளைகளின் வயிற்றைக் கடிக்கிறார்கள். இதோடு போகவில்லை கேள். நாங்கள் வரிசையில் நிற்கும்போதே மணி பன்னிரண்டு ஆனது, பலகை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது, எல்லா விலையும் ஏறிவிட்டது. நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கேட்டதற்கு, கூட்ட நேரத்து விலைம்மா, மூணு மணிக்கு மேல வந்தா குறையும் என்றார்கள். பசிக்கிற நேரத்துக்கு ஒரு விலை, பசிக்காத நேரத்துக்கு ஒரு விலை. இதைக் கண்டுபிடித்தவன் எந்தத் தாய் வயிற்றில் பிறந்தானோ. மூன்று மணிவரை உருண்டையின் வயிற்றை எந்த அலமாரியில் டோக்கன் போட்டு வைப்பது? ஐந்து பேருக்கு மூன்று தட்டு, ஒரு தண்ணீர் பாட்டில் என்று சொல்லி உட்கார்ந்தோம். எனக்குப் பசியில்லை என்று நானும், காலையில் நிறையச் சாப்பிட்டேன் என்று மாப்பிள்ளையும் சொன்னோம். அவர் வயிறு சத்தம் போட்டது மேசைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

அங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். பரிமாறியது இருபது இருபத்திரண்டு வயசுப் பெண். ஒரு கையில் நாலு தட்டு ஏந்தி வருவாள், இன்னொரு கையால் நாற்காலியை ஒதுக்குவாள், முகத்தில் சிரிப்பு மட்டும் ஒட்டி வைத்தது போல அசையாமல் இருக்கும். பக்கத்து மேசையில் ஒரு கோடுபோட்ட சட்டைக்காரர் குடும்பத்தோடு ஏழு பேராகச் சாப்பிட்டு எழுந்து போனார். போன பிறகு பார்க்கிறேன், தட்டுக்கு அடியில் மடித்த நோட்டு இரண்டு துருத்திக்கொண்டு இருக்கிறது. உனக்குத்தான் தெரியுமே, லாட்ஜில் அறை பெருக்கின இருபத்தெட்டு வருஷத்தில் அம்மா எத்தனை பேர் பின்னால் ஓடியிருக்கிறேன் என்று. மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், ஒரு தடவை பல்செட்டு. விருந்தாளி விட்டுவிட்டுப் போனது எதுவானாலும் வாசல் தாண்டுவதற்குள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் சட்டம், அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்த நோட்டைப் பார்த்ததும் மூளை யோசிக்கவில்லை, கால் ஓடிவிட்டது. ராட்டினம்வரை துரத்திப் போய், ஐயா, காசை மறந்துட்டீங்க என்று மூச்சு வாங்கக் கொடுத்தேன். அந்த மனுஷன் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் பெண்டாட்டியைப் பார்த்தார். ரொம்ப நன்றிம்மா என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். தெரிந்தே போட்டுக்கொண்டார் என்பது இப்போது தெரிகிறது. அப்போது நான் பெரிய சாதனை செய்தவள் போலத் திரும்பி வந்தேன்.

வந்து பார்த்தால் அந்தப் பெண் மேசை துடைக்கிறாள். ஒரு தட்டை எடுத்து அடியில் பார்க்கிறாள், இன்னொரு தட்டை எடுத்துப் பார்க்கிறாள், குனிந்து தரையைப் பார்க்கிறாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? அவங்க காசை விட்டுட்டுப் போயிட்டாங்கம்மா, நான் ஓடிப்போய்க் குடுத்துட்டேன், கவலைப்படாதே என்று பெருமையாகச் சொன்னேன். அவள் துடைத்த துணியை மடித்துத் தோளில் போட்டாள். அப்புறம், நல்லதும்மா என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு போனாள். உன் தங்கை என் முழங்கையைக் கிள்ளி, அம்மா, அது அவளோட காசும்மா, டிப்ஸ்மா, ஏம்மா இப்படிப் பண்ணினே என்றாள். இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர் பொருளைத் தொடாதவள் என்று மார்தட்டியவள், ஒரு பெண்ணின் உழைப்பை எடுத்து ஊரான் ஒருவன் பையில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தேன். மன்னிச்சுக்கோம்மா, எனக்குத் தெரியாது, போனது எவ்வளவு என்று கேட்டேன். அதை விடுங்கம்மா என்றாள். நான் விடாமல் கேட்டதும், தொகையைச் சொல்லாமல், தட்டைத் துடைத்துக்கொண்டே தன் சம்பளக் கணக்கைச் சொன்னாள். அவளுக்குக் கம்பெனி கொடுக்கிற சம்பளம் பஸ்ஸுக்கும் வாடகையில் பாதிக்கும்தான் காணும். மிச்சத்தை வந்து சாப்பிடுகிறவர்கள் மனசு வைத்துப் போட வேண்டும். அதுகூடப் போகட்டும் என்று வை. ஒவ்வொரு மேசையிலும் இவ்வளவு டிப்ஸ் வந்திருக்கும் என்று கம்பெனிக்காரர்களாகவே ஒரு கணக்குப் போட்டு, அதில் சமையல்காரர்களுக்கும் பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும் உள்ள பங்கை இவளிடம் சாயங்காலம் வசூல் பண்ணிவிடுவார்களாம். மேசையில் காசு விழுந்தாலும் இவள் கொடுக்க வேண்டும், விழாவிட்டாலும் இவள் கொடுக்க வேண்டும். அப்போ அந்த ஏழு பேருக்கு நீ சோறு போட்டதுக்கு நீயே காசு கட்டணுமா என்று கேட்டேன். ஆமாம்மா, விலை ஏத்தினதிலிருந்து டிப்ஸ் வைக்கிறதே கொறைஞ்சு போச்சு, தட்டுக்கே இவ்வளவு குடுத்தாச்சு இன்னும் வேறயான்னு எழுந்து போயிடறாங்க, அவங்களையும் தப்பு சொல்ல முடியாது என்றாள். அவள் வீட்டுக் கஷ்டம் எதையும் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கஷ்டம் சொன்னால்தான் கூலி என்று ஏதாவது இருக்கிறதா?

உருண்டையைக் கடைசியாகப் படகில் ஏற்றிவிட என் இடுப்புப் பையில் வைத்திருந்த காசை எடுத்து அவள் கையில் திணித்தேன். வேண்டாம் என்று சொல்லுவாள், நான் வற்புறுத்த வேண்டும் என்று நினைத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வசதியில்லை. அதுதான் என்னை அறுக்கிறது. அப்புறம் பில்லுக்கு ஒரு சின்ன மெஷினைக் கொண்டு வந்து மாப்பிள்ளை முன்னால் நீட்டினாள். டிப்ஸ் நூற்றுக்குப் பதினைந்தா, இருபதா, இருபத்தைந்தா என்று அது கேட்டது. வகுத்தல் கணக்கோடு என் படிப்பு முடிந்துவிட்டாலும் அது எவ்வளவு என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பெண் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், மாப்பிள்ளை மெஷினைப் பார்த்துக்கொண்டு வியர்த்தார், உன் தங்கை இரண்டு பேரையும் பார்க்காமல் பிள்ளையின் வாயைத் துடைத்தாள், துடைத்த வாயையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். கொடுக்க முடியாதவனையும் வாங்கியே தீர வேண்டியவளையும் எதிரெதிரே நிறுத்தி வைத்துவிட்டு, இரண்டு பேர் சோற்றையும் சேர்த்து விழுங்குகிறவன் எங்கேயோ குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிறான். படகு கிடையாது என்றதும் உருண்டை பஸ் ஏறும்வரை அழுதான். மாப்பிள்ளை இருபதை அமுக்கியதற்கு உன் தங்கை வீடுவரை அவரோடு பேசவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம் போனில் நீ என்ன சொன்னாய்? அம்மா, புதுக் கடையில ஆளுங்களுக்குச் சம்பளத்தைப் பாதியா வெச்சிருக்கேன், பில்லுலயே டிப்ஸ் கேக்குற மாதிரி பண்ணிட்டேன், மிச்சம் அதுல வந்துடும், நம்ம கையை விட்டு ஒண்ணும் போகாது என்று சொன்னாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, சிரித்தேன். என் மகனுக்கு எவ்வளவு மூளை என்று தையல்காரர் வீட்டிலும் மருந்துக் கடையிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று எவன் காசிலோ உன் ஆட்களுக்குப் பரிமாறுகிறாய், நான் அதற்குக் கைதட்டியிருக்கிறேன்.

கோபம் அதற்கு மட்டும் இல்லையடா. நீ அங்கே போன முதல் வருஷம் தட்டுத் தூக்கினாய். ஒருநாள் போனில் அழுதாய். பத்துப் பேர் வந்து தின்றுவிட்டு ஒரு காசு வைக்காமல் போய்விட்டார்கள், சமையல்காரனுக்கு நான் என் பாக்கெட்டிலிருந்து கொடுத்தேன் அம்மா, இன்றைக்கு நடந்தே ரூமுக்குப் போகிறேன் என்று சொன்னாய். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்தேன். நீ சொன்னது இத்தனை வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் வாயால் புரிந்தது. எனக்குத் தெரியாது, அதனால் சிரித்தேன். நீ தெரிந்தவன். மருமகளாக இருந்தபோது கரண்டிச் சூடு வாங்கி முந்தானையில் முகத்தை மூடி அழுதவள் மாமியாரானதும் அதே கரண்டியை எடுத்துக் காய்ச்சிச் சூடு போடுகிற கதையாக அல்லவா இருக்கிறது.

எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க, நான் மட்டும் முழுச் சம்பளம் குடுத்தா கடை நிக்காது என்பாய். மாப்பிள்ளையும் அதைத்தான் சொல்கிறார், அத்தே, அவரு கடை நடத்துற கஷ்டம் நமக்கு என்ன தெரியும், எழுதிப் பகைச்சுக்காதீங்க என்கிறார். எனக்குக் கடை நடத்தத் தெரியாதுதான். எங்கள் லாட்ஜ் முதலாளி சோப்புக் கட்டியை இரண்டாக அறுத்து அறைக்குப் பாதி வைக்கிற மகா கஞ்சன். ஆனால் ஒன்றாம் தேதி சம்பளம் கைக்கு வந்துவிடும், விருந்தாளி சிரித்தானா முறைத்தானா என்று பார்த்து நாங்கள் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. அந்தச் சம்பளத்தில்தான் நீ சமையல் படிப்புப் படித்தாய். உன் கடையில் ஒரு தட்டுக்கு உண்மையில் என்ன ஆகுமோ, ஆட்களின் முழுக்கூலியையும் சேர்த்து, அதைப் பலகையில் தைரியமாக எழுதிப் போடு. முடிந்தவன் வந்து சாப்பிடட்டும், முடியாதவன் வாசலிலேயே தெரிந்துகொண்டு மானத்தோடு போகட்டும். கூட்டம் குறையும் என்றால் குறையட்டும், இரண்டு கடை வேண்டாம், ஒரு கடை போதும்.

கறாராக எழுதிவிட்டேன் என்று மருமகளிடம் எரிந்து விழாதே. பேரனுக்கு நேரத்துக்குச் சோறு கொடுங்கள், போனைக் காட்டி ஊட்டாதீர்கள். நீ ரத்தக்கொதிப்பு மாத்திரையை இரண்டு நாளைக்கு ஒரு தடவை விழுங்குகிறாயாம், எனக்குச் செய்தி வந்துவிட்டது, தினமும் போடு. கால் நிற்கிற இடமெல்லாம் உனக்கு நல்லது நடக்கட்டும், உன் கையால் சாப்பிட்டவர்களும் உன்னிடம் வேலை செய்தவர்களும் உன்னை நினைத்தால் அவர்கள் வயிறு குளிரட்டும், பெற்றவள் வேண்டிக்கொள்வது அதைத்தான். ஆனால் தேதி எழுத மாட்டேன். உன் கடையில் தட்டுத் தூக்குகிற பெண்ணுக்கு மாசம் முடிந்தால் என்ன சம்பளம் என்று உன் கைப்பட எழுதி அனுப்பு, அதைப் படித்துவிட்டு நான் தேதி எழுதுகிறேன். என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்று தையல்காரர் பெண்டாட்டி தினமும் கேட்கிறாள். உன்னை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, மூட்டுவலி, டாக்டர் போக வேண்டாம் என்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வயசில் என்னை ரொம்ப நாள் பொய் சொல்ல வைக்காதே.

இப்படிக்கு
கோபம் ஆறாமல் உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா