ஊர் மட்டும் சொன்னால் போதும்

என் அருமை மச்சான் சேகருக்கு,

உறுதியான கடைசிச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்வி நேற்றுக் காலை அந்தமானில் நங்கூரத்தைத் தூக்கிவிட்டாள். உன் பாய்மரப் படகில், தனியாக, கடலூரை நோக்கி. ஆதாரம், பக்கத்துப் படகுக்காரர் அனுப்பிய போட்டோ. பாய் நன்றாக விரிந்திருக்கிறது. அவள் முகம் தெரியவில்லை.

இனி கரை தெரியும்வரை அவளுக்கு போன் கிடைக்காது. இன்று காலையே ஷேர் ஆட்டோ பிடித்துக் கடலூர் துறைமுகம் போய்விட்டேன். ஒரே நாளில் எந்தப் படகு வங்கக்கடலைத் தாண்டும்? தெரிந்தும் போனேன். புயல் கூண்டு ஏற்றவில்லை என்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மத்தியானம் மறுபடி போனேன்.

"இத்தனை வருஷமா ரிப்போர்ட்டரு. சொந்தத் தங்கச்சி எப்ப வருவான்னு சொல்லத் தெரியல" என்று என் மனைவி கலா குத்துகிறாள்.

செல்வி கிளம்புமுன் போனில், "உத்தேசமா..." என்று ஆரம்பித்தேன். "அண்ணே, ஊரு கடலூரு. தேதி கேக்காத. உத்தேசம்னு சொன்னா நீ அதையும் தலைப்பா போட்டுடுவ" என்று சிரித்தாள்.

உன் சட்டம்தானே அது? நீங்கள் இரண்டு பேரும் தீவு தீவாகப் படகிலேயே குடியிருந்த ஆறு வருஷமும் போகும் ஊர் சொல்வாய், சேரும் தேதி சொல்ல மாட்டாய். தேதி கொடுத்தவன் காற்றைப் பார்க்க மாட்டான், காலண்டரைத்தான் பார்ப்பான் என்பாய்.

ஒரே ஒருமுறை உன்னிடம் தேதி வாங்கினேன். சிதம்பரத்தில் என் மகள் கல்யாணம். விமானம் ஏறவே நீ வெளித்தீவிலிருந்து பெரிய துறைமுகத்துக்குப் படகைக் கொண்டுவர வேண்டும். "காத்து சரியில்ல மச்சான், ரெண்டு நாள் பாக்கறேன்" என்றாய். "அத்தையும் மாமாவும் இல்லாம எம் பொண்ணு மேடையேறணுமா? தேதியச் சொல்லுடா" என்றேன். "சரி, புதன்கிழமை" என்றாய்.

வழியில் காற்று சட்டென்று திரும்பியது. பாயின் அடியில் கட்டிய நீளக் கட்டை சுழன்று உன் தலையில் அடித்தது. உன் உடலோடு செல்விதான் படகைக் கரை சேர்த்தாள்.

கல்யாணத்தைப் பிறகு தள்ளிவைத்தோம், மச்சான். தள்ளிவைக்க முடிகிற தேதிதான் அது.

நாம் போனில் பேசியது அவளுக்குத் தெரியாது. அவள் படகின் கீழறையில் பாத்திரம் கழுவுகிறாள் என்று அப்போது நீதான் சொன்னாய். உன் காரியத்துக்கு வந்தபோது, எங்கள் வீட்டில் குழாய் இருந்தும் படகில் செய்வதுபோல ஒரே டம்ளர் தண்ணீரில் தட்டுகளை அலசினாள். அலசிக்கொண்டே கேட்டாள்: "ரெண்டு நாள் பொறுப்போம்னு அவர்தான் சொன்னாரு. அப்புறம் ஏண்ணே அவசரப்பட்டாரு?" ஊரெல்லாம் கேள்வி கேட்டவன், அவள் அலசிய தட்டை வாங்கித் துடைத்தேன்.

அவள் கரையில் கால் வைத்ததும் சொல்லிவிடுவேன். சாப்பிட உட்கார வைப்பதற்கு முன்னாலேயே சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அதற்கப்புறமும் அண்ணே என்று கூப்பிடுவாளா?

இன்னும் வந்து சேராதவை: செல்வி, படகு, அவளுக்கு என் பதில். இடம் கடலூர். தேதி நான் கேட்கவில்லை.

செல்வியின் அண்ணன்,
உன் மச்சான் ராமு