தொண்ணூற்றொன்பது மருந்துக் குப்பிகள்

என் அருமை ராட்சசி அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் கேமை முடித்துவிட்டேன். நீ விட்ட அதே கோட்டை வாசல், நீ வளர்த்த அதே வீரன். கோட்டைக்குள் கடைசி எதிரி, இருள் அரசன். ரெண்டு வருஷமாக ஊர் ஊராக எல்லோரும் பெயரைச் சொல்லி நடுங்கினார்களே, அவனேதான்.

நாலு அடி. நாலே அடி, அக்கா! பத்து நிமிஷம் வசனம் பேசினான், நாலாவது வெட்டில் பொத்தென்று விழுந்துவிட்டான். சதுப்பு நிலத்துத் தவளைகூட நம்மை ஆறு தடவை கொன்றதே! எனக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸைத் தூக்கி எறியப் பார்த்தேன்.

"ஜெயிச்சிட்டியா? அப்புறம் ஏன்டா மூஞ்சி இப்படிக் கீது?" என்று அம்மா கேட்டாள். என்னவென்று சொல்வேன்?

நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். இதற்கு முந்தின கேமும் இப்படித்தான் சப்பென்று முடிந்தது. ஆரணிப் பட்டுக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்த அதே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கத்தினாய்: "பொடவ உடம்பு பூரா புட்டாப் பூ போட்டுட்டு முந்தானைய மொட்டையா வுட்டா எவடா வாங்குவா? இவனுங்களுக்கு டிசைனே போடத் தெரியல!"

அவன் விழுந்த பிறகுதான் வீரனின் பையைத் திறந்து பார்த்தேன். தொண்ணூற்றொன்பது மருந்துக் குப்பிகள், ஒன்றுகூடத் திறக்காமல். "குடிக்கா, உயிர் போவுது பாரு" என்று பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்? "பேஜார் பண்ணாதடா, இதெல்லாம் கடைசி ஆளுக்கு" என்பாய். சொட்டு உயிரோடு ஊருக்கே திரும்பி ஓடி, சத்திரத்தில் படுத்து எழுந்து வருவாய்.

கீபோர்டுக்குக் கீழே இருக்கும் டிராயரிலும் அதே கதைதான். உன் பிரஷர் மாத்திரை, பதினோரு அட்டை, பிரிக்கவே இல்லை. "தல சுத்துதுன்னு சொல்லிகினே கீறியே, மாத்திர போட்டியா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "ரொம்ப முடியாதப்ப போட்டுக்கிறேம்மா" என்றாயே.

எதற்கு அக்கா சேர்த்து வைத்தாய்? டீ போட எழுந்தாய், அப்படியே சாய்ந்தாய். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பத்து நிமிஷம் வசனம் பேசக்கூட உனக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அழுகை அப்புறம்தான்.

இன்னொரு விஷயம். எனக்கும் பிரஷராம். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கி வந்து, ஒரு வாரமாக நானும் அதே டிராயரில்தான் போட்டு வைத்திருந்தேன். நீ வளர்த்தவன்தானே!

கேம் முடிந்ததும், சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாமென்று அழுத்திவிட்டேன். உன் வீரன் அந்தக் கோட்டை வாசலிலேயே குப்பிகளோடு நிற்கட்டும். நான் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை தவளை கீறினாலே குப்பியைத் திறப்பேன், நீ எங்கிருந்து கத்தினாலும் சரி. இன்றைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். நாளைக்கும் போடுவேன்.

இன்னும் உன்னைத் திட்டி முடிக்காத,
உன் ஒரே தம்பி