குஞ்சிடம் பேச வேண்டாம்

சாப்பாட்டை அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். பறவைக் காப்பகத்தில் இன்றைக்கும் ஆள் இல்லை. நான் வர இருட்டிவிடும்.

குளியலறைப் பெட்டியில் இருக்கிற ஆந்தைக் குஞ்சுக்கு மதியம் இறைச்சித் துண்டு கொடுக்க வேண்டும். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, தாய் ஆந்தையின் தலை மாதிரி தைத்த கையுறையைப் போட்டு ஊட்டுங்கள். தாயின் குரல் பதிவை ஓட விடுங்கள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். கண் திறந்த புதிதில் யார் முகத்தைப் பார்த்து, யார் குரலைக் கேட்டு வளர்கிறதோ, அவர்தான் தன் இனம் என்று நினைத்துவிடும். அப்புறம் காட்டில் விட முடியாது.

இதெல்லாம் முன்பே சொன்னதுதான். ஆனாலும் நேற்று நீங்கள் கூடத்தில் இருமினீர்கள், உள்ளே அது ஆவென்று வாயைத் திறந்தது. தாயின் குரலுக்குக்கூட அப்படித் திறக்கவில்லை. சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

விட்டுப்போனது: "வேலைய வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றியே" என்று கத்திவிட்டு, அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர் நீங்கள். இன்று காலை குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "அவகிட்ட எப்படிப் பேச்ச ஆரம்பிக்கிறதுன்னே தெரியலடா" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அதனிடம்தான் பேசக் கூடாது. என்னிடம் பேசலாம்.